யானை வந்த வழி

மலையடிவாரத்தில் சொகுசு விடுதி கட்டிய ரத்தினசபாபதி, யானைகளைக் காக்கச் சொல்லி ஊராருக்கு ஒரு கூத்து ஏற்பாடு செய்தார். யானை வேடம் மாதேவனுக்கு. விடுதிச் சுவர் எழுந்த பிறகு யானைகள் சுற்றிவந்து மிதிப்பது அவனுடைய ராகிக் காட்டைத்தான்.

"மேடைக்கு வந்ததும் என் காலில் விழுந்து நன்றி சொல்லணும். இல்லேன்னா இந்த ஊர்ல இனிமே கூத்தே கிடையாது" என்றார் அவர்.

"ஆகட்டுங்க" என்றான் மாதேவன்.

கூத்தில் எந்த வேடம் வந்தாலும் கூத்தை நடத்தும் கட்டியங்காரன் வந்த வழியைக் கேட்பான். வந்தவர் சொல்லியாக வேண்டும்.

"யானையாரே, எந்த வழியா வந்தீங்க?"

யானை நாலடி நடந்து, எதிலோ முட்டியதுபோல் நின்றது.

"ஐயா காலில் விழத்தான் வந்தேன். நடுவுல ஐயாவோட சுவர் நிக்குது. எங்க பாட்டன் நடந்த வழியைத் திறந்துவிடச் சொல்லுங்க, நேரா வந்து விழுறேன். அதுவரைக்கும் மாதேவன் காட்டுல புகுந்துதான் போகணும்."

ஊரே சிரித்தது. ரத்தினசபாபதியின் முகம் கறுத்தது. பிறகு அவரும் சத்தமாகச் சிரித்து, மாதேவனுக்குப் பொன்னாடை போர்த்தினார்.

அடுத்த வாரம் அந்தச் சுவர் முழுக்க ஒரு யானையை வரைந்திருந்தார்கள். மண்டியிட்டுக் கும்பிடும் யானை.

மாதேவன் பொன்னாடையை ராகிக் காட்டின் காவல் பொம்மைக்குப் போர்த்திவிட்டான். யானைகள் அதையும் மிதித்துவிட்டுப் போயின.