பாட்டனார் பலகைக்கு ஒரு குடம் தண்ணீர்

குருகாறு என்று ஓர் ஆறு. அதன் இரு கரையிலும் செங்கல் வீடும் நெல் வயலுமாய்க் கிடந்த நாட்டை, வெகு காலத்துக்கு முன்னே செவ்வேந்தன் என்றொரு ராஜா ஆண்டு வந்தான். நல்லவன்தான். ஆனால் யாராவது புகழ்ந்துவிட்டால் போதும், ஆள் உருகிவிடுவான்.

ஒருநாள் பக்கத்து நாட்டுத் தூதன் வந்து, "எங்கள் அரசருக்கு நூறு தலைமுறைப் பாட்டன்மார் பெயர் தெரியும்" என்று அளந்துவிட்டுப் போனான். செவ்வேந்தனுக்குத் தன் கொள்ளுத்தாத்தாவுக்கு மேல் ஒரு பெயரும் தெரியாது. அன்று அவனுக்குச் சோறு இறங்கவில்லை. சரித்திரம் எழுதும் அவைப் பண்டிதர் கண்ணந்தையை அழைத்து, "நம் வம்சத்தின் ஆதி வரலாற்றைத் தேடிக் கொண்டுவாரும்" என்று உத்தரவு போட்டான்.

பண்டிதருக்கு நெடுநாளாக ஒரு வயிற்றெரிச்சல். போன வருஷ வெள்ளத்தில், சூளைக்காரி நாகி சொன்ன யோசனைப்படி சுட்ட செங்கல்லால் கட்டிய கரைதான் ஊரைக் காப்பாற்றியது. அதற்காக ராஜா அவளுக்கு அவையில் ஓர் ஆசனம் கொடுத்திருந்தான். மண் மிதிக்கிறவள் நமக்குச் சமமாக உட்காருவதா என்று இவருக்குப் பொறுக்கவில்லை.

எட்டாம் நாள் ஒரு களிமண் பலகையோடு வந்தார்.

"மகாராஜா! சூளைத்தெரு மேட்டுக்கு அடியில் கிடைத்தது. 'இது ஆதி செவ்வேந்தன் அரண்மனை' என்று எழுதியிருக்கிறது. ஆயிரம் வருஷப் பழசு! தெருவை இடித்துத் தோண்டினால் அரண்மனையே வெளியே வரும்."

"நாளைக்கே இடியுங்கள்!" என்று துள்ளினான் ராஜா.

நாகியும் மற்றச் சூளைக்காரர்களும் குடியிருக்கும் சூளைத்தெருவில் இருநூறு வீடு. மழைக்காலம் வேறு. அத்தனை பேரும் பிள்ளைகுட்டிகளோடு எங்கே போவார்கள்? நாகி ஆசனத்தை விட்டு எழுந்து வந்தாள். பலகையைக் கையில் வாங்கி, விரலால் தட்டிப் பார்த்தாள். சுட்ட மண் என்றால் கணீரென்னும். இது பொத்தென்றது. முகத்தில் ஒன்றும் காட்டாமல் கேட்டாள்.

"பண்டிதரே, ஆறு பெருகும்போதெல்லாம் அந்த மேட்டின் அடிமண்ணில் தண்ணீர் புகுமே?"

"புகட்டுமே! ஆயிரம் வெள்ளம் பார்த்த பலகையம்மா இது. ஓர் எழுத்தாவது அழிந்திருக்கிறதா, பார்!"

நாகி ராஜாவைக் கும்பிட்டாள். "மகாராஜா, ஆதிப் பாட்டனாரே அவைக்கு வந்திருக்கிறார். முதலில் ஆற்றுத் தண்ணீரில் நீராட்டிச் சந்தனம் வைக்க வேண்டாமா? தெருவை அப்புறம் இடித்துக்கொள்ளலாம்."

"அடடா, எனக்குத் தோன்றாமல் போயிற்றே! கொண்டுவாருங்கள் ஒரு குடம்!"

பண்டிதருக்கு வியர்த்துக் கொட்டியது. "வேண்டாம் மகாராஜா... காலையில்தான் துடைத்தேன்... பாட்டனாருக்கு ஜலதோஷம் பிடித்தால்..."

"ஆயிரம் வெள்ளத்தில் பிடிக்காத ஜலதோஷம் ஒரு குடத்திலா பிடிக்கப் போகிறது?" என்றாள் நாகி. அவை கொல்லென்று சிரித்தது.

ராஜாவே பலகையைத் தாம்பாளத்தில் வைத்துக் குடத்தைச் சாய்த்தான். பாதிக் குடத்தில் எழுத்து போயிற்று. முழுக் குடத்தில் பாட்டனாரே போனார். தாம்பாளத்தில் மிஞ்சியது சேறுதான்.

"ஏன் ஐயா, சுடக்கூடவா இல்லை?" என்றான் ராஜா.

"சூளைக்குக் கொண்டுபோனால் இவர்கள் பார்த்துவிடுவார்களே மகாராஜா. வெயிலில் காயவைத்தேன்."

ராஜாவுக்குக் கோபத்தைவிட வெட்கம்தான் அதிகம் வந்தது. "பொய் சொன்னது இவர். ஆனால் அதை நம்பி இருநூறு வீட்டை இடிக்கச் சொன்னவன் நான்" என்று நாகியிடம் வாய்விட்டே சொன்னான். சூளைத்தெரு மேடு முழுவதையும் தெருக்காரர்களுக்கே என்றென்றைக்கும் எழுதிக் கொடுத்தான். பண்டிதர் அடுத்த அறுவடை வரை நாகியிடம் மண் மிதிக்க வேண்டும் என்று தீர்ப்பாயிற்று.

"போகுமுன் வம்ச வரலாற்றை எழுதிவிட்டுப் போம்" என்று ஈரக் களிமண் பலகை ஒன்றை அவரிடம் நீட்டினான்.

"என்ன எழுத, மகாராஜா?"

"கொள்ளுத்தாத்தா வரை பெயரை எழுதும். அதற்கு மேலே 'தெரியாது' என்று எழுதும்."

பண்டிதர் தலைகுனிந்து எழுதி முடித்தார்.

"இனி இதை நீரே தலையில் சுமந்து சூளைக்குப் போம்" என்றான் ராஜா. "நன்றாகச் சுட்டுக்கொண்டு வாரும்."