கோமளவல்லியின் மூக்குக் கல்

பள்ளிக்கூடத்துச் சத்துணவில் சமைக்கிற கோமளவல்லியிடம், மூக்கைச் சரி பண்ணிக்கொண்டு வந்தால்தான் இனி கரண்டியைத் தொடலாம் என்று சொல்லிவிட்டார்கள். நாற்றம் அப்படி.

ஆஸ்பத்திரியில் டாக்டர் நம்பிராஜன் இரண்டு மாஸ்க் போட்டுக்கொண்டு எட்ட நின்று பார்த்தார். மேல்படிப்புக்கு வந்தவர். பாடம் சொல்லும் டாக்டர் அமலோற்பவத்தைவிட வயதில் மூத்தவர். அதை யாரும் மறந்துவிடாமல் பார்த்துக்கொள்வார்.

"சைனஸா, கட்டியா, எப்படி மேடம் கண்டுபிடிக்கிறது?"

அமலோற்பவம் நோயாளியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"எந்தப் பக்கம்மா அடைப்பு?"

"வலது பக்கம் மட்டுந்தாம்மா. சின்னப் புள்ளையிலேர்ந்து."

"இதைக் கேட்டீங்களா டாக்டர்?"

நம்பிராஜன் அதைக் கேட்டிருக்கவில்லை.

அமலோற்பவம் மெல்லிய கம்பி ஒன்றை நம்பிராஜன் கையில் கொடுத்தார். "உள்ள தொட்டுப் பாருங்க."

கரகரவென்றது.

"கல்லு மேடம்!"

ஸ்கேனும் அதையே சொன்னது.

ஆபரேஷன் அன்று, மயக்கம் கொடுத்தபின், மூக்குக்குள் விட்ட கேமராவின் திரையில் கல் தெரிந்தது. சாம்பல் நிறம், முள் முள்ளாக. நம்பிராஜன் இடுக்கியால் பற்றி இழுத்தார். ரத்தம் கசிந்தது.

"உடைச்சு எடுங்க."

"முழுசா வந்துடும் மேடம். டாக்டருங்க மாநாட்டுல காட்டணும். இவ்வளவு பெரிசு யாரும் காட்டினதில்லை."

மறுபடி இழுத்தார். திரை முழுக்கச் சிவப்பு.

"என்னய்யா நடக்குது அங்க?" என்றார் மயக்க மருந்து டாக்டர்.

அமலோற்பவம் ரத்தத்தை உறிஞ்சி எடுத்தார். "மூக்கோட நடுச்சுவர் வளையுது, பாருங்க."

"இன்னும் ஒரே ஒரு தடவை மேடம்."

அமலோற்பவம் நம்பிராஜனின் மணிக்கட்டைப் பிடித்தார். விடவில்லை.

நம்பிராஜன் இழுப்பதை விட்டுவிட்டு இடுக்கியை இறுக்கினார். கல் நொறுங்கியது. துண்டு துண்டாக வெளியே வந்தது. கடைசித் துண்டுக்குள் ஒரு புளியங்கொட்டை.

மூக்கில் அடைத்த பஞ்சை எடுத்த அன்று கோமளவல்லி கல் துண்டுகள் இருந்த தட்டை எட்டிப் பார்த்தாள்.

"அட, இந்தப் புளியங்கொட்டை நான் போட்டதுதான்! அம்மா அடிக்கும்னு சொல்லாம விட்டுட்டேன்." சட்டென்று வாசல் பக்கம் திரும்பி மூச்சை இழுத்தாள். "யாரு கொண்டு வந்த சாம்பாரு? பெருங்காயம் பத்தலையே."

நம்பிராஜன் கைபேசியைத் துண்டுகளுக்கு மேல் பிடித்து அலுத்துக்கொண்டார்.

"முழுசா இருந்திருந்தா படம் நல்லா வந்திருக்கும் மேடம்."

"முழுசா ஒண்ணு இருக்கே டாக்டர். அவங்க மூக்கு. அதைப் படம் எடுங்க."