இங்கே இல்லாத நேரம்

ஆனி பிறந்துவிட்டால் ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று மலையைத் தாண்டி இறங்கும். வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே சாரல் ஒரு மெல்லிய துணியைப் போலச் சாலையைக் கடந்து போகும். இரு பக்கமும் காற்றாலைகள். அவற்றின் இறக்கைகள் சோம்பலாகச் சுற்றுவதுபோல் தெரியும். நிழல்கள் மட்டும் தரையில் விரைந்து ஓடும்.

அந்த வருஷம் அங்கே நான்குவழிச் சாலையின் ஒரு பகுதியைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதுத் தார் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு பக்கம் வேலை நடந்தது. பக்கத்திலேயே வண்டிகள் ஓடின. இரண்டுக்கும் நடுவில் இருந்தது ஒரு வரிசை ஆரஞ்சுக் கோன்கள்தான். காற்று பலமாக வீசினால் அவையும் சாய்ந்துவிடும். யாராவது போய் நிமிர்த்தி வைப்பார்கள்.

வேலையாட்களின் பாதுகாப்புக்குப் பொறுப்பாகப் பெர்சிலா என்ற நாகர்கோவில்காரப் பெண்மணி இருந்தார். தினமும் காலையில் ஆட்களை நிற்க வைத்து நாலு வார்த்தை பேசுவார். அதனால் எல்லோருக்கும் அவர் டீச்சர். அவரிடம் தொழில் கற்றுக்கொள்ள வந்திருந்தவர் ஆவுடையப்பன். பாலம், ரோடு என்று பாதி ஆயுளை மேஸ்திரியாகக் கழித்தவர். பிறகு பாதுகாப்புப் படிப்பு ஒன்றைப் படித்து முடித்து இந்தப் பக்கம் வந்தவர். டீச்சரைவிட வயதில் மூத்தவர். முதல் சில நாள் என்ன சொல்லி அழைப்பது என்று தயங்கினார். பிறகு அவரும் டீச்சர் என்றே சொல்லத் தொடங்கினார். பெர்சிலா அவரை அண்ணாச்சி என்றார். போகப்போகக் காலையில் ஆட்களிடம் பேசுவதையும் அவரிடமே விட்டார்.

ஒருநாள் மதியத்துக்குக் கொஞ்சம் முன்னால் மாசானம் சாகப் பார்த்தான்.

அவன் பணகுடிக்காரன். சூடான தார்க் கலவையை இழுத்துச் சமன்படுத்துவது அவன் வேலை. அன்று தான் இழுத்த இடம் மட்டமாக இருக்கிறதா என்று பார்க்க ஓரடி பின்னால் வைத்தான். சரியாகத் தெரியவில்லை. இன்னும் ஓரடி வைத்தான். கோன் வரிசை அவனுக்கு முன்னால் வந்துவிட்டது. அது அவனுக்குத் தெரியவில்லை. திருநெல்வேலி பஸ் ஒன்று அவனுக்கு ஒரு சாண் தள்ளிப் போனது. அந்த வேகத்தில் அவன் கழுத்துத் துண்டு பறந்து நடுச்சாலையில் விழுந்தது. பின்னால் வந்த லாரி அதன்மேல் ஏறிப் போனது.

ஆவுடையப்பன் ஓடிப்போய் அவன் கையைப் பிடித்து உள்ளே இழுத்தார். இழுத்த பிறகுதான் கோபம் வந்தது. வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினார். காலையில்தானே படித்துப் படித்துச் சொன்னேன், அதற்குள் எங்கே போயிற்று உன் புத்தி என்று கேட்டார்.

மாசானம் தலையைக் குனிந்துகொண்டான்.

"பிள்ளைக்கு என்ன பேரு வைக்கலாம்னு நினைச்சிக்கிட்டிருந்தேன் அண்ணாச்சி" என்றான்.

அவனுக்குப் பெண் குழந்தை பிறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஆவுடையப்பன் அதன் பிறகு திட்டவில்லை.

சாயங்காலம் ஆட்களை ஏற்றிக்கொண்டு வேன் போன பிறகு அவர் டீச்சரிடம் வந்தார். பெர்சிலா அன்று காற்றில் உருண்டுபோன கோன்களை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தார். ஆவுடையப்பனும் குனிந்து அடுக்கத் தொடங்கினார். கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டார்.

"காலையில பயமுறுத்துறேன். பத்து மணிக்கெல்லாம் அந்தப் பயம் கழண்டு போயிருது. அது கழலாம இருக்க என்ன செய்யணும் டீச்சர்?"

பெர்சிலா கையிலிருந்த கோனை வைத்துவிட்டு, நாளைக்கு மாசானத்துக்கு வேறு இடத்தில் வேலை கொடுக்கப் போவதாகச் சொன்னார். அவன் நின்ற இடத்தில் ஆவுடையப்பன் நிற்க வேண்டும். கையில் எதுவும் இருக்கக் கூடாது.

"அங்க நின்னு என்ன செய்ய?"

"வர்ற வண்டியப் பாருங்க. வேற எதையும் பாக்காதீங்க."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

மறுநாள் அவர் நின்றார். அவர் நின்ற இடத்துக்குச் சற்று முன்னால், வண்டிகள் வரும் பக்கமாக, கோன்களுக்கு உள்ளே, தண்ணீர் லாரியைக் குறுக்காக நிறுத்தி வைக்கச் சொல்லியிருந்தார் பெர்சிலா. அது எதற்கு என்று ஆவுடையப்பன் கேட்கவில்லை. அவருக்கு வேண்டியது ஒரே ஒரு வேலையைச் சுத்தமாகச் செய்து காட்டுவது. ஹெல்மெட்டின் வாரை இறுக்கிக்கொண்டார். காலை அகட்டி வைத்துக்கொண்டார். வருகிற வண்டி ஒவ்வொன்றையும் தூரத்திலிருந்தே பிடித்து, தன்னைக் கடக்கும்வரை கண்ணால் கொண்டுபோய் விட்டார்.

கார் வந்தது. கேரளா பதிவெண் உள்ள மீன் லாரி வந்தது. ஐயப்பன் படம் போட்ட பஸ் வந்தது. தூரத்தில் சாலை ஒரு மேட்டில் ஏறி இறங்கியதால் ஒவ்வொரு வண்டியும் தரைக்குள்ளிருந்து முளைப்பதுபோல் முதலில் கூரையைக் காட்டியது. பிறகு கண்ணாடி. பிறகு சக்கரம். கடந்து போகும்போது ஒரு சத்தம். சத்தம் போனதும் காற்று. காற்று அடங்குவதற்குள் இன்னொரு கூரை.

சாரல் வந்தது. வெயிலோடு வந்ததால் ஒவ்வொரு துளியும் தெரிந்தது. வண்டிகளின் சத்தம் மெல்ல மெல்ல ஒன்றாகச் சேர்ந்து, பக்கத்து அறையில் ஓடும் ஃபேன் சத்தம் மாதிரி ஆயிற்று. எங்கோ ஒரு கார்க் கண்ணாடி வெயிலில் பளிச்சென்றது.

திருவனந்தபுரம் விமான நிலையத்தின் கண்ணாடிக்கு வெளியே ஆவுடையப்பன் நின்றுகொண்டிருந்தார். அவர் மனைவி செண்பகம் மஸ்கட்டில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறாள். வரப்போவதாகப் போனில் சொல்லியிருந்தாள். கண்ணாடிக்கு அப்பால் பெல்ட் ஓடுகிறது. பெட்டிகள் வருகின்றன. பெரிய பெரிய ஆரஞ்சுப் பெட்டிகள். ஒன்றன்பின் ஒன்றாக, அவசரமில்லாமல், அவருக்கு முன்னால் நகர்ந்துபோய் வரிசையாக நிற்கின்றன. எதிலும் அவள் பெயர் இல்லை. யாரோ நான்கு பேர் ஒரு பெட்டியை ஆளுக்கொரு மூலையில் பிடித்துத் தூக்கி வருகிறார்கள். இவ்வளவு பெரிய பெட்டியில் அப்படி என்னதான் வாங்கி வருகிறாள் என்று அவருக்குச் சிரிப்பு வந்தது. கண்ணாடிக்கு உள்ளே அவள் சேலையின் பச்சை நிறம் தெரிந்தது. திரும்பிப் பார்க்கப் போகிறாள்.

காலில் ஜில்லென்றது.

ஆவுடையப்பன் குனிந்து பார்த்தார். பூட்ஸுக்குள் தண்ணீர் போயிருந்தது. நிமிர்ந்து பார்த்தார். அவருக்கும் சாலைக்கும் நடுவில், இடுப்பு உயரத்துக்கு, ஆரஞ்சு நிற பிளாஸ்டிக் தடுப்புப் பெட்டிகள் சுவர் போல நின்றன. தண்ணீர் நிரப்பி வைக்கிற வகை. காலியாக இருந்தால் இந்தக் காற்றில் நிற்காது. அதனால்தான் நான்கு நான்கு பேராகப் பிடித்துக்கொண்டு வந்து வைத்திருக்கிறார்கள். கடைசிப் பெட்டியில் ஒருவன் ஹோஸ் குழாயைச் செருகிக்கொண்டிருந்தான். அது நிரம்பி வழிந்துகொண்டிருந்தது.

பெர்சிலா தண்ணீர் லாரிக்குப் பக்கத்தில் நின்றிருந்தார்.

"இத எப்ப வச்சீங்க?" என்று கேட்டார் ஆவுடையப்பன்.

"நீங்க இங்க இல்லாத நேரத்துல."

ஆவுடையப்பன் முகம் கறுத்துவிட்டது. தான் தூங்கவில்லை என்றார். கண் திறந்துதான் இருந்தது என்றார். பெர்சிலாவும் ஆமாம், திறந்துதான் இருந்தது என்றார். அவர் குரலில் கேலி இல்லை. அதுதான் ஆவுடையப்பனை இன்னும் கூசச் செய்தது. தனக்கே இப்படி என்றால், குனிந்து வேலை செய்கிறவனுக்கு எப்படி இருக்கும் என்று தனக்குத்தானே சொல்வதுபோல் சொன்னார். பெர்சிலா அவரைப் போய் ஈர பூட்ஸைக் கழற்றச் சொன்னார்.

மூன்றாவது நாள் திட்ட மேலாளர் வில்வநாதன் வந்தார். கெட்ட மனிதர் இல்லை. குற்றால சீசனுக்குக் கூட்டம் வருவதற்குள் சாலையைத் திறந்துவிடுவதாக மேலே வாக்குக் கொடுத்துவிட்டுத் தூக்கம் கெட்டிருந்தவர். தடுப்பு நிற்கிற இடத்தால் தார் போடும் மெஷின் ஒரே வீச்சில் போக முடியவில்லை, வேலை இழுக்கிறது என்றார். கோன் போதும், ஆட்களைக் கவனமாக இருக்கச் சொல்லுங்கள் என்றார். அன்று பெர்சிலா தோவாளைப் பக்கத்தில் வேறு ஓர் இடத்தில் இருந்தார். இங்கே பொறுப்பு ஆவுடையப்பனுடையது.

ஆவுடையப்பன் டீச்சருக்குப் போன் செய்தார். விஷயத்தைச் சொல்லி, என்ன செய்யட்டும் என்று கேட்டார்.

"அந்த இடத்துல நின்னவரு நீங்கதான அண்ணாச்சி" என்றார் பெர்சிலா. போனை வைத்துவிட்டார்.

ஆவுடையப்பன் வில்வநாதனிடம் போய், தடுப்பை எடுக்க முடியாது சார் என்றார். வேண்டுமானால் பக்கத்துத் தடத்தை இன்னும் கொஞ்சம் ஒதுக்கி, தடுப்பையும் நகர்த்தி, மெஷினுக்கு இடம் கொடுக்கலாம். அதுவரை வேலை நிற்கட்டும் என்றார். இதுவரை எந்த அதிகாரி முன்னாலும் அவர் இப்படிப் பேசியது கிடையாது. வில்வநாதன், வேலை நின்றால் அதற்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும் என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார். வேலை அன்று முழுக்க நின்றது. ஆட்கள் காற்றாலை நிழலில் படுத்துக் கிடந்தார்கள். ஆவுடையப்பன் தனியாக நடந்து ஒவ்வொரு பெட்டியையும் தட்டிப் பார்த்தார். தண்ணீர் குறைந்திருந்த பெட்டிகளை நிரப்பச் சொன்னார். இந்த வேலை போய்விட்டால் செண்பகத்திடம் எப்படிச் சொல்வது என்று யோசித்தபடியே நடந்தார்.

வேலை போகவில்லை. தடம் ஒதுக்கப்பட்டது. தடுப்பு நகர்ந்தது. மெஷின் போனது.

அடுத்த வாரம் ஒருநாள், தோவாளைச் சந்தையில் பூ ஏற்றிக்கொண்டு வள்ளியூர்ப் பக்கம் போன ஒரு டெம்போ, வளைவே இல்லாத அந்த நேர்ச்சாலையில் மெல்ல மெல்ல இடது பக்கம் ஒதுங்கியது. யாரோ பின்னாலிருந்து கூப்பிட்டதற்குத் திரும்புவதுபோல அவ்வளவு மெதுவாக ஒதுங்கியது. ஹார்ன் இல்லை. பிரேக் சத்தம் இல்லை. வந்து தடுப்பில் மோதியது.

இரண்டு பெட்டிகள் வெடித்துத் தண்ணீர் ஆள் உயரம் எழும்பியது. பக்கத்துப் பெட்டிகள் கொஞ்ச தூரம் நகர்ந்து ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நின்றன. டெம்போவும் நின்றது. கட்டு அவிழ்ந்த மூட்டைகளிலிருந்து கேந்திப் பூவும் பிச்சிப் பூவும் சாலையில் கொட்டின. காற்று அவற்றை அள்ளிப் புதுத் தாரின்மேல் கொண்டு போட்டது. கறுத்த ஈரச் சாலை முழுக்க மஞ்சளும் வெள்ளையுமாக ஆயிற்று. எல்லோரும் நனைந்த உடம்போடு அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

ஆவுடையப்பன் தலைகளை எண்ணினார். எல்லோரும் இருந்தார்கள்.

பிறகு டெம்போவை நோக்கி ஓடினார். அடிக்கத்தான் ஓடினார். கதவைத் திறந்தபோது டிரைவர் ஸ்டியரிங்கைப் பிடித்த கையை எடுக்காமல் உட்கார்ந்திருந்தான். மீசை நரைத்த ஆள். நெற்றியில் லேசாக ரத்தம். எங்கேய்யா பார்த்துக்கொண்டு வந்தாய் என்று கேட்டார் ஆவுடையப்பன்.

"ரோட்டத்தான் பாத்துக்கிட்டு வந்தேன்" என்றான் அவன். அவன் பொய் சொல்லவில்லை என்று ஆவுடையப்பனுக்குத் தெரிந்தது. ஓங்கிய கையால் அவன் விரல்களை ஒவ்வொன்றாக ஸ்டியரிங்கிலிருந்து எடுத்துவிட்டார். இறக்கி உட்கார வைத்து, ஆட்களுக்கு வந்திருந்த டீயில் ஒன்றை வாங்கிக் கொடுத்தார்.

தகவல் தெரிந்து பெர்சிலா வந்து சேர்ந்தபோது டெம்போவை ஓரம் கட்டியிருந்தார்கள். ஆட்கள் பூக்களைப் பெருக்கிக்கொண்டிருந்தார்கள். அவர் ஒவ்வொருவரிடமும் போய்க் கை காலைப் பார்த்தார். வில்வநாதன் பெர்சிலாவைப் போனில் அழைத்தார். அவரிடம் அதிகம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. எத்தனை பெட்டி புதிதாக வேண்டும் என்று மட்டும் கேட்டார் வில்வநாதன்.

ஆவுடையப்பன் டீச்சரிடம் நடந்ததை முழுதும் சொன்னார்.

"இன்னும் ஒண்ணு இருக்கு டீச்சர். சொன்னா கோபப்படக் கூடாது."

"சொல்லுங்க."

"வண்டி மோதினப்போ டீ குடிக்கிற நேரம். மாசானம் தடுப்புக்கு இந்தப் பக்கம், ரோட்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். அன்னைக்கு அவ்வளவு நடந்திருக்கு. கொஞ்சங்கூடப் பயமில்லாம, ஏதோ சொல்லிச் சிரிச்சிக்கிட்டு உட்கார்ந்திருந்தான். அவனக் கூப்பிட்டுக் கண்டிக்கணும்ல?"

பெர்சிலா சாலையைப் பார்த்தார். மாசானம் ஒரு சாக்கில் பூவை அள்ளிக்கொண்டிருந்தான்.

"முதுகைக் காட்டியா உட்கார்ந்திருந்தாரு?"

"ஆமா."

"அப்போ உங்கள நம்பி உட்கார்ந்திருக்காரு, அண்ணாச்சி."

ஆவுடையப்பன் ஒரு சாக்கை எடுத்துக்கொண்டு மாசானத்தோடு பூ அள்ளப் போனார்.