கொக்குத் தீவுக்குப் போன காகம்

காத்தாயி என்ற காகம் கடல் தாண்டிக் கொக்குத் தீவுக்கு வந்து ஆறு நாளாயிற்று. இன்னும் அதற்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. இந்தக் கிளை, அந்தக் கிளை, மறுபடி இந்தக் கிளை!

அது குடியிருந்த மரம் புயலில் சாய்ந்துவிட்டது. பிழைக்க வழி தேடி ஒரு பகல் முழுக்கப் பறந்து இங்கே வந்தது. தீவின் நடுவில் பெரிய குளம், குளம் நிறைய மீன். இனி என்ன குறை என்றுதான் நினைத்தது, பாவம்!

முதல் நாளே கரையோரம் மீன் கூட்டத்தைப் பார்த்துவிட்டது. காகமாவது, தனியாகத் தின்பதாவது! "கா! கா! எல்லாரும் வாங்க! இங்க மீன் கொட்டிக் கிடக்கு!" என்று தொண்டை கிழியக் கத்தியது.

மீன்கள் ஆழத்துக்கு ஓடிவிட்டன. ஒற்றைக் காலில் நின்ற கொக்குகள் ஒரு வார்த்தை பேசாமல் பத்தடி தள்ளிப் போய் நின்றுகொண்டன. காத்தாயிக்கு முகத்தில் அறைந்தாற்போல் இருந்தது.

மறுநாள் நெடுங்காலன் என்ற கொக்கு வந்தது. காத்தாயியின் முன் ஒரு மீனைப் போட்டது. பிறகு வேறு பக்கம் திரும்பி நின்றது.

"வான்னு ஒரு சொல் இல்ல, சாப்பிடுன்னு ஒரு சொல் இல்ல! பிச்சையா போடறான்?" என்று காத்தாயி பொருமியது. மீனைத் தொடவில்லை. எறும்புகள் இழுத்துப் போயின.

மூன்றாம் நாளும் மீன் வந்தது. நான்காம் நாளும் ஐந்தாம் நாளும் வந்தது. காத்தாயி வீம்பாகப் புளித்த பழங்களைக் கொத்திக்கொண்டு கிடந்தது. மீன் பிடிக்கவோ அதற்குத் தெரியாது. இறக்கையில் வலுவே இல்லை.

ஆறாம் நாள் காலை, "போதும்! செத்தாலும் நம்ம கூட்டத்தோட சாகலாம்" என்று கிளம்பிவிட்டது. இந்த உடம்போடு பறந்தால் பாதிக் கடலில் விழுவோம் என்று அதற்கே தெரியும். ஆனாலும் ரோஷம் விடவில்லை.

அந்த நேரம் பார்த்து நெடுங்காலன் இன்னொரு மீனோடு வந்து நின்றது. காத்தாயிக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"அண்ணே! நான் உங்களுக்கு என்ன கெடுதல் செஞ்சேன்? ஏன் யாருமே என்கிட்ட பேச மாட்டேங்கறீங்க?"

நெடுங்காலன் திடுக்கிட்டது. "பேசினா மீன் ஓடிடும், தங்கச்சி. பேசாம பக்கத்துல நிக்கறதுதான் இங்க மரியாதை."

"அப்ப மீனைப் போட்டுட்டு ஏன் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டீங்க?"

"சாப்பிடறவங்க வாயைப் பார்க்கலாமா? விருந்தாளிக்கு அப்படித்தான் வைப்போம். நாலு நாளா நீதான் தொடல! கொக்கு கொடுத்ததைத் தின்னா கேவலமான்னு எங்க வீட்டுல ஒரே வருத்தம்."

"ஐயோ! எங்க ஊர்ல கூப்பிடாம சாப்பிட உட்கார்ந்தா மானம் போயிடும், அண்ணே!"

"கூப்பிடணுமா? அது எங்களுக்கு எப்படித் தெரியும்? நீ சொன்னாத்தானே!"

காத்தாயி தன்னையே நொந்துகொண்டது. ஆறு நாளும் எல்லாரையும் திட்டியது, ஒருவரையும் கேட்கவில்லை. வெட்கத்தோடு குனிந்து மீனைத் தின்றது. வாலைக்கூட விடவில்லை. நெடுங்காலன் மரியாதையாக அந்தப் பக்கம் திரும்பி நின்றது.

அன்று காத்தாயி கடல் பக்கம் போகவில்லை. ஆனால் சும்மா நிற்க நிற்க அதற்குத் தொண்டை அரித்தது. குன்றுக்குப் பின்னால் பறந்துபோய் ஆசை தீரப் பத்து முறை கத்தியது. திரும்பி வந்து, சத்தம் போடாமல் கொக்குகளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டது.

புது இடத்தின் வழக்கம் புரியாதபோது நாமே ஓர் அர்த்தம் கற்பித்துக்கொண்டு புழுங்குவதைவிட, வாய் திறந்து கேட்டுவிடுவதே நல்லது.