தாண்டவமூர்த்தியைச் சுற்றிய கரண்ட்

ஒரே ஒரு கம்பெனியிலே ஒரே ஒரு அறிவாளி இருந்தாராம். கோயம்புத்தூர்க் கம்பெனி, டிசைன் தலைவர் தாண்டவமூர்த்தி. அவருக்கு எல்லாம் தெரியும். தெரியாததை மட்டும் தன் கீழே வேலை பார்க்கும் செண்பகத்திடம் திட்டிக்கொண்டே கேட்பார்.

மோட்டாருக்கான புது சர்க்யூட் போர்டு, மோட்டாரை நிறுத்தியதும் புகைந்தது. பழியைச் செண்பகத்தின் தலையில் கட்ட, முதலாளியம்மா முன்னாலேயே போர்டில் கரண்ட் ஓடும் ஒரு செம்புக் கோட்டைக் காட்டினார் அவர்.

"நீ போட்ட கோடு. இதோட இண்டக்டன்ஸ் எவ்வளவு? சொல்லு. இல்லேன்னா 'போறேன்'னு சொல்லிட்டுக் கிளம்பு!"

"போறேன்னு சொல்லக் கூடாதுங்க சார்," என்றாள் செண்பகம் பணிவாக. "போயிட்டு வரேன்னுதான் சொல்லணும். கரண்ட்டும் நம்மூருதான். போற வழியோட வர்ற வழியையும் சேர்த்துப் பாத்தாத்தான் இண்டக்டன்ஸ் தெரியும்."

"போர்டுக்கு அடியில இருக்கிற செம்புத் தகட்டுல நேரா திரும்பி வரும். இதுகூடத் தெரியாதா?"

செண்பகம் போர்டைத் திருப்பினாள். கோட்டுக்கு நேர் கீழே, செம்பை வெட்டி எடுத்து, கொட்டை எழுத்தில் 'தாண்டவமூர்த்தி' என்று பொறித்திருந்தது.

"உங்க பேரைத் தாண்ட முடியாம, பாவம், கரண்ட் பிரதட்சிணம் பண்ணிட்டு வருதுங்க. சுத்து பெருசானா இண்டக்டன்ஸும், அதாவது சட்டுன்னு நிக்க மாட்டேன்னு கரண்ட் பிடிக்கிற அடமும், பெருசு. நிறுத்தினதும் வோல்டேஜ் எகிறும். புகையைச் சாம்பிராணின்னு நெனச்சுக்கலாம்."

முதலாளியம்மா எழுந்தார். "அந்தப் பேரை எடுத்துடுங்க."

"போர்டுல இருந்துதானுங்களே, மேடம்?" என்றார் தாண்டவமூர்த்தி.

அம்மா அதற்குள் வாசலைத் தாண்டிவிட்டார். செண்பகம் காபி குடிக்கப் போனாள். பதிலுக்காக நின்று பார்த்துவிட்டு, கடைசியாக அவரும் நடையைக் கட்டினார்.