லார்டு சாப்பிடக்கூடாது

மாங்கொம்பு சமஸ்தானத்துக்கு வேட்டையாட வந்த வெள்ளைக்காரத் துரை, விடைபெறும்போது கொண்டம நாயக்க மகாராஜாவை "லார்டு" என்று அழைத்துவிட்டார். அவர் பாட்டுக்குக் குதிரையேறிப் போய்விட்டார். மகாராஜாவுக்குத்தான் தலைகால் புரியவில்லை.

"இனி எவனும் என்னை மகாராஜா என்று சொல்லக்கூடாது. லார்டு! மீறிச் சொல்கிறவர் யாராயிருந்தாலும் ஒரு மாதம் அரண்மனைச் சோறு கிடையாது!"

"உத்தரவு மகாராஜா" என்றார் சேனாபதி. போயிற்று அவர் சோறு. பழகிய நாக்கு சொன்னால் கேட்குமா? பொழுது சாய்வதற்குள் பாதி அரண்மனை பட்டினி. சமைக்கிற பரிசாரகருக்கே சாப்பாடில்லை. பாவம், அவர் விட்ட கண்ணீரில் சாம்பாரில் உப்புக் கூடிவிட்டது.

அமைச்சர் ஆனையப்பருக்கு மனசு பொறுக்கவில்லை. பெயர்தான் ஆனை, ஆள் முருங்கைக்காய். துரைக்கு மொழிபெயர்த்த துபாஷியைப் பிடித்து அந்த இங்கிலீஷ் சொல்லின் பூர்வீகத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டார்.

மறுநாள் மத்தியானம் மகாராஜா சாப்பிட உட்கார்ந்தார். ஆனையப்பர் இலையை உருவிக்கொண்டு, கையில் ஒரு தடியைக் கொடுத்தார்.

"என்னய்யா இது?"

"லார்டு அவர்களே, ஆதியில் ரொட்டிக்குக் காவல் இருப்பவனைத்தான் அந்த ஊரில் அப்படிச் சொன்னார்களாம். அதுதான் தேய்ந்து லார்டு ஆயிற்று. நமக்கு ரொட்டி ஏது? தாங்கள் சோற்றுக்குக் காவல் இருங்கள்."

"அப்படியானால் ராணி?"

"அவர்கள் லேடி. மாவு பிசைகிறவள் என்று அர்த்தம்."

ராணி முன்னால் ஒரு தாம்பாளம் மாவு வந்தது. ராணி மகாராஜாவைப் பார்த்தார். அந்தப் பார்வையை எழுத எனக்குத் தைரியமில்லை.

"சாப்பிடுகிறவன்தான் யாரய்யா?"

"வேலைக்காரன். அந்தக் காலத்தில் அவனுக்கு 'ரொட்டி தின்பவன்' என்றே பெயராம்."

ஆனையப்பர் கை தட்டினார். பட்டினி கிடந்தவர்கள் மொத்தப் பேரும் பந்தியில் உட்கார்ந்தார்கள். ரசம் மணந்தது. அப்பளம் நொறுங்கியது. மகாராஜா தடியோடு நின்றார். பாயசம் வந்ததும் தடியை வீசி எறிந்தார்.

"லார்டும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம்! நான் மகாராஜா! போடுங்கள் இலையை!"

ஆனையப்பர் பணிவாகக் கை கட்டினார். "மன்னிக்கவேண்டும் லார்டு. அந்தச் சொல்லைச் சொன்னவர் யாராயிருந்தாலும் ஒரு மாதம் சோறு கிடையாது."

முதலில் சிரித்தது ராணிதான், மாவுக் கையோடு. பிறகு மகாராஜாவும் தொந்தி குலுங்கச் சிரித்து, ஆணையை அங்கேயே ரத்து செய்தார். அப்புறம்தான் அவருக்கு இலை விழுந்தது.

"ஆனையப்பரே, இந்தச் சாதுர்யத்துக்குப் பரிசாக லார்டு பட்டத்தை உமக்கே தருகிறேன்!"

"ஐயையோ, வேண்டாம் மகாராஜா! நான் இன்னும் சாப்பிடவில்லை."