மூன்று வீட்டு வாய்க்கால்

குன்னூரில் மேல்கரடு என்றொரு சரிவு. அங்கே வீடுகள் ஒன்றன் தலைமேல் ஒன்றாக நிற்கும். மேல் வீட்டு முற்றமும் கீழ் வீட்டுக் கூரையும் ஏறக்குறைய ஒரே மட்டம். சிவப்பு ஓடு, புகைபோக்கி, கண்ணாடி அடைத்த முகப்பு, வாசல் தூணில் செதுக்கிய வீட்டுப் பெயர் என எல்லாமே நூறு வருஷத்துக்கு முந்தைய கட்டுமானம். ஒருவர் ஜன்னலுக்கு வேறு வர்ணம் அடித்தால்கூட அக்கம்பக்கத்தில் பேச்சாகிவிடும். அப்படி ஒட்டி வாழ்ந்த மூன்று வீடுகளுக்கு வந்த சங்கடத்தைச் சொல்கிறேன். தீர்ப்பு உங்களுடையது.

நடு வீட்டில் இருந்தவள் ரெஜினா. நர்ஸாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள், கணவர் காலமாகிவிட்டார். அந்த வீட்டில் பாதிதான் அவளுக்குச் சொந்தம். மறுபாதி கோயம்புத்தூரில் இருக்கும் தம்பி எட்வினுடையது. மேல் வீட்டில் சென்னியப்பன், தேயிலைத் தொழிற்சாலையில் மேலாளராக இருந்தவர். கீழ் வீட்டில் மருந்துக்கடை சற்குணம், அவன் மனைவி பியூலா, பக்கவாதத்தில் படுத்துவிட்ட அவன் அப்பா.

மழைநீர் இறங்குவதற்காக மூன்று வீடுகளின் பின்முற்றம் வழியாகவும் ஒரு கல் வாய்க்கால் ஓடியது. ஒவ்வொரு முற்றத்தின் மூலையிலும் அதற்கு ஒரு மரப்பலகை அடைப்பு. அப்பாவின் சக்கர நாற்காலி நுழைகிற மாதிரி ஓர் அறை கட்ட சற்குணத்துக்கு வேறு இடமில்லை. வாய்க்காலின் மேல்தான் கட்ட வேண்டும். மேலே இருந்த இருவரிடமும் வந்து கேட்டான்.

"கட்டுப்பா. என் முற்றத்துலேர்ந்தே பைப் போட்டுத் தண்ணியை ரோட்டுப் பக்கம் திருப்பிக்கலாம், பலகையை அடைச்சே வெச்சுக்கலாம்" என்றார் சென்னியப்பன்.

ரெஜினாவும் தலையாட்டினாள். இதையெல்லாம் தம்பியிடம் கேட்பானேன் என்று விட்டுவிட்டாள்.

அறை எழுந்தது. சில வருஷம் அந்த பைப் போதுமானதாக இருந்தது. பிறகு ஓர் ஐப்பசியில், விடாமல் கொட்டிய மழையில், மத்தியான வேளையில் அது மண் அடைத்துக்கொண்டது. சென்னியப்பனின் பின்முற்றம் குளமானது. அவர் ரெஜினாவுக்கு போன் செய்தார்.

"ரெஜினாம்மா, என் பின்சுவர் ஊறுது. பலகையைத் திறக்கிறேன். நீங்க முன்பக்கம் போயிருங்க."

"சார், ஒரு நிமிஷம்..." என்பதற்குள் போன் அடங்கிவிட்டது.

தண்ணீர் செம்மண் நிறத்தில் இறங்கி ரெஜினாவின் முற்றத்தை நிரப்பியது. அவளுடைய பின்சுவரும் கல்லும் மண்ணும் வைத்துக் கட்டியதுதான். அவள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மூலைக்குப் போய்த் தன் பலகையைப் பிடித்தாள். ஒரு இழுப்பு இழுத்தால் முற்றம் வடிந்துவிடும். கீழே, வாய்க்கால் போய் முட்டுகிற இடத்தில், பெரியவரின் அறை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டு பியூலாவுக்கு போன் செய்தாள்.

"பியூலா, மாமா எங்கே?"

"கட்டில்லதான் இருக்காங்க அக்கா. இவர் டவுன்ல மாட்டிக்கிட்டார், ரோட்ல மரம் விழுந்து கிடக்கு. என் ஒருத்தியால தூக்க முடியலை."

"ரோட்டுக்குப் போய் யாரையாவது கூட்டிட்டு வா. தூக்கினதும் எனக்குச் சொல்லு. அதுவரைக்கும் திறக்கமாட்டேன்."

இரண்டு வீட்டுக்கும் நடுவிலிருந்த கற்படியில் வெள்ளம் ஓடியதால் அவளால் இறங்கிப்போக முடியவில்லை. முழங்கால் நீரில் நின்றபடியே சுவரைப் பார்த்தாள். காரை உப்பி, பாளம் பாளமாகக் கழன்று விழுந்தது. கை தானாகப் பலகைக்குப் போனது, திரும்பியது. அவளுக்கு வாய்விட்டு அழ வேண்டும் போலிருந்தது. கடைசியில் பெரிய சத்தம்கூட இல்லாமல் சுவர் உள்பக்கமாகச் சாய்ந்தது. சமையலறையும் சாப்பாட்டு அறையும் கூரையோடு போயின.

அதற்குப் பிறகுதான் போன் வந்தது. மரம் வெட்ட வந்த ஆட்கள் பெரியவரைத் தூக்கி வெளியே கொண்டுபோயிருந்தார்கள். ரெஜினா பலகையை இழுத்தாள். இறங்கிய வெள்ளம் அந்த அறையின் சுவரை உடைத்து, வெறுங்கட்டிலை வாசல் வரை தள்ளிக்கொண்டு போனது.

மழை விட்டதும் எட்வின் வந்தான். தார்ப்பாய் மூடிய இடிபாட்டின் முன் எல்லோரும் நின்றார்கள்.

"நான் சொல்லிட்டுத்தானே திறந்தேன்" என்றார் சென்னியப்பன். "திறக்கலேன்னா என் வீடு போயிருக்கும்."

"நான் ரெண்டு பேரையும் கேட்டுத்தான் கட்டினேன்" என்றான் சற்குணம்.

எட்வின் அக்காவைப் பார்த்தான். "நீ ஒரு உயிரைக் காப்பாத்தினே, தப்புச் சொல்லலை. ஆனா என் பாதியையும் சேர்த்துக் கொடுத்துட்டே. என்கிட்ட கேட்டியா அக்கா?"

மூவர் சொன்னதிலும் பொய் இல்லை.

இப்போது நீங்கள் சொல்லுங்கள்: இவர்களில் யார் செய்தது சரி? எட்வினின் பாதி வீட்டுக்கு யார் பதில் சொல்ல வேண்டும்?

விடை: மழையன்று சரியாக நடந்தவள் ரெஜினா. சென்னியப்பன் கையிலும் அவள் கையிலும் இருந்தது ஒரே மாதிரிப் பலகைதான். கீழே வழி அடைபட்டிருப்பது அவருக்கும் தெரியும். ஆனாலும் தகவல் சொல்லிவிட்டுத் திறந்தார். அவள் கேட்டுவிட்டுக் காத்திருந்தாள். அடுத்த வீட்டில் ஓர் உயிர் கிடக்கும்போது தம்பியின் சம்மதத்துக்கு நேரம் ஏது? அவள் தம்பியைக் கேட்டிருக்க வேண்டிய நாள் ஒன்று உண்டு. அது சற்குணம் வந்து நின்று அவள் தலையாட்டிய நாள். வாய்க்காலை அடைத்தது சற்குணம், சென்னியப்பன், ரெஜினா மூவரும் சேர்ந்து செய்த காரியம். ஆகவே எட்வினின் பாதியை மூவரும் சேர்ந்து கட்டிக் கொடுப்பதுதான் நியாயம். மேல்கரட்டில் அப்படித்தான் பேசி முடித்தார்கள். சுவர் எழுந்துவிட்டது. ஆனால் எட்வின் இன்னும் அக்காவிடம் பேசுவதில்லை.